செமெஸ்டர் முடிந்த பிறகு வரும் மார்க்கால் யாருக்கு என்ன பயன்?

பெர்ணம்கரை எழுதியது:

வணக்கம். நான் சிலிம் ரிவரில் இருக்கிறேன். ஒரு தனியார் கல்லூரியில் கணக்கியல் கற்பிக்கிறேன். சனிக்கிழமை மாலையில் பெஹ்ராங், கத்தோயோங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வெவ்வேறு கல்லூரிகளுக்குப் போகும் பிள்ளைகள் சிலர் பாடம் கேட்க வீட்டுக்கு வருவார்கள். அவர்கள் கொண்டுவரும் திருத்திய தாள்களைப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அண்மையில் ஒரு பையன் தன் இடுபணியை (அசைன்மென்ட்) காட்டினான். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் 13/20. அவ்வளவுதான். உள்ளே ஒரு கோடுகூட இல்லை. எந்த ஏழு மார்க் போனது, ஏன் போனது என்று எங்கும் எழுதவில்லை. அது கைக்கு வந்தபோது ஃபைனலும் முடிந்துவிட்டது.

உள்ளே இருந்த ஒரு கணக்கைச் சொல்கிறேன். கடைக்காரர் ஒருவர் அக்டோபர் 1-ஆம் தேதி ஓராண்டு வாடகையாக 12,000 ரிங்கிட் கட்டுகிறார். கணக்காண்டு டிசம்பர் 31-இல் முடிகிறது. இந்த ஆண்டின் வாடகைச் செலவு எவ்வளவு? பையன் 12,000 என்று எழுதியிருந்தான். சரியான விடை 3,000. மீதி 9,000 முன்கூட்டிக் கட்டியது, அது இன்னும் அவருடைய சொத்து. "ஏன் தம்பி 12,000 போட்டாய்?" என்று கேட்டேன். "காசு கையை விட்டுப் போய்விட்டதே அக்கா" என்றான்.

அவனுக்குக் கூட்டல் கழித்தல் தெரியாமல் இல்லை. பணம் போவதும் செலவு ஆவதும் ஒன்று என்று நினைத்திருக்கிறான். "தோட்டத்தில் மாத நடுவில் உன் அம்மாவுக்கு முன்பணம் கொடுக்கிறார்களே, அம்மா இன்னும் செய்யாத வேலைக்கான பணம் அது. ஆபீஸ் கணக்கில் அதைக் கொடுத்த நிமிடமே சம்பளச் செலவு என்று எழுதிவிடலாமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். அப்புறம் பேனாவை எடுத்து அந்தக் கணக்கை மட்டுமல்ல, அதற்கடுத்த காப்புறுதிக் கணக்கையும் அவனே திருத்திவிட்டான். நான் சொல்லவே இல்லை.

பதினான்கு வாரமாக அவனிடம் இந்த ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம். எம்.கியூ.ஏ. (மலேசியத் தகுதி முகமை) கணக்குப்படி ஒரு கிரெடிட் என்றால் மாணவன் 40 மணி நேரம் கற்க வேண்டும். மூன்று கிரெடிட் பாடத்துக்கு 120 மணி. அந்த 120 மணியில் "நீ இந்த இடத்தில் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறாய்" என்று சொல்ல ஐந்து நிமிடம் ஒதுக்க முடியாதா? மதிப்பீடு என்பது பிள்ளை இன்னும் திருத்திக்கொள்ளக்கூடிய நேரத்தில் அவன் கைக்கு வர வேண்டும் என்கிறேன். விரிவுரையாளர்கள், மாணவர்கள், பெற்றோர் யாராக இருந்தாலும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். கல்லூரிப் பெயர்கள் வேண்டாம்.

செம்பனைமைந்தன் எழுதியது:

நான் விரிவுரையாளர் இல்லை, செம்பனை ஆலையில் கொதிகலன் பக்கம் வேலை செய்கிறேன். மகள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. எங்கள் குடும்பத்தில் முதல் ஆள். பிடிபிடிஎன் என்ற அரசாங்க உயர்கல்விக் கடனில் படிக்கிறாள். முதல் வகுப்பில் தேறினால் கடன் விலக்குக்கு விண்ணப்பிக்கலாம் என்பதால் ஒவ்வொரு மார்க்கும் எங்களுக்குப் பணக் கணக்குத்தான். அவள் பி வாங்கினால் "ஏன் ஏ இல்லை?" என்று நான் கேட்பேன். "தெரியலப்பா" என்பாள். முதலில் மழுப்புகிறாள் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அவளுக்கு உண்மையிலேயே யாரும் சொல்லவில்லை.

என் கதை வேறு. நான் படிவம் மூன்றோடு நின்றவன். வேலை அனுபவத்தை வைத்து எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழ் வாங்கினேன். பி.பி.டி. என்று ஒரு வழி இருக்கிறது, வகுப்புக்குப் போகாமல் செய்த வேலைக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் காட்ட வேண்டும், மதிப்பீட்டாளர் பார்த்துக் கேள்வி கேட்பார். என்னைக் கேட்ட ஒரு கேள்வி இன்னும் நினைவில் இருக்கிறது. "நீர்மட்டக் கண்ணாடியில் தண்ணீரே தெரியவில்லை. என்ன செய்வாய்?" தெரியாதவன் உடனே தண்ணீரைத் திறந்துவிடுவேன் என்பான். சூடேறிக் கிடக்கும் இரும்பில் தண்ணீர் பட்டால் வெடித்துவிடும். முதலில் தீயை நிறுத்த வேண்டும். அதைச் சொன்னதும் அவர் விடவில்லை. "ஏன்?" என்றார். அந்த "ஏன்"தான் தேர்வு. புத்தகத்தை மனப்பாடம் செய்தவன் அங்கே மாட்டிக்கொள்வான். பட்டப்படிப்புப் பிள்ளைகளை ஏன் இப்படிக் கேட்பதில்லை?

திருகாணி எழுதியது:

பெர்ணம்கரை அக்காவின் அக்கறை புரிகிறது. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. நான் பொறியியல் கற்பிக்கிறேன். ஒரு வகுப்பில் 120 பேர், இரண்டு வகுப்பு. ஒரு தாளுக்குப் பத்து நிமிடம் என்றால் ஒரு இடுபணிக்கு 40 மணி நேரம், ஒரு வார வேலை முழுதும் அதற்கே போய்விடும். இதோடு ஆய்வு, கட்டுரை, கூட்டம், அங்கீகாரக் கோப்பு.

அங்கீகாரக் கோப்பைப் பற்றி வெளியே யாருக்கும் அதிகம் தெரியாது. மலேசியா 2009-இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. நம் பொறியியல் பட்டத்தை மற்ற உறுப்பு நாடுகள் ஏற்கின்றன என்றால் அதனால்தான். அது நல்லது, குறை சொல்லவில்லை. அதற்காக ஒவ்வொரு கேள்வியும் எந்தக் கற்றல் பேற்றை (அந்தப் பாடம் முடிந்ததும் மாணவனுக்குத் தெரிந்திருக்க வேண்டியது) சோதிக்கிறது, அது எந்தத் திட்டப் பேற்றோடு (முழுப் பட்டப்படிப்பும் முடிந்ததும் தெரிந்திருக்க வேண்டியது) சேர்கிறது என்று அட்டவணை போட வேண்டும். மணிக்கணக்கில் உட்கார்ந்து அதை நிரப்புகிறோம். ஆனால் அந்த அட்டவணையை மாணவன் பார்ப்பதே இல்லை. ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து "ஏன்" என்று கேட்கச் சொல்வது நியாயமான ஆசை. நேரம் எங்கிருந்து வரும்?

பெர்ணம்கரை எழுதியது:

திருகாணி சார், 240 தாளுக்கும் தனித்தனியாகக் கட்டுரை எழுதச் சொல்லவில்லை. முதலில் வகுப்பு முடியும் முன் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு துண்டுத் தாளில் பெயர் இல்லாமல் இரண்டு வரி: இன்று புரிந்த முக்கியமான விஷயம் எது, இன்னும் குழப்பமாக இருப்பது எது. இந்தப் பழக்கம் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் நீண்ட காலமாக இருக்கிறது. 120 துண்டையும் படிக்க வேண்டாம், கைக்கு வந்த முப்பதை எடுத்துப் பாருங்கள். நான் என் வகுப்பில் அந்த வாடகைக் கணக்கைக் கொடுத்தேன். 12,000 என்று எழுதியவர்கள் வகுப்பில் பாதிக்கு மேல். அடுத்த வகுப்பின் முதல் பத்து நிமிடத்தில் எல்லாருக்கும் ஒரே தடவையில் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு தாளிலும் தனித்தனியாக எழுதியிருந்தால் அதைவிட எவ்வளவோ நேரம் போயிருக்கும்.

இரண்டாவது, மார்க்கையும் குறிப்பையும் ஒன்றாகத் தராதீர்கள். ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988-இல் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு ஒன்று உண்டு. ஒரு குழுவுக்குக் குறிப்பு மட்டும், ஒரு குழுவுக்கு மார்க் மட்டும், மூன்றாவது குழுவுக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள்தான் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். இரண்டையும் பெற்றவர்கள் மார்க் மட்டும் பெற்றவர்களைப் போலத்தான் இருந்தார்கள். மார்க்கைப் பார்த்ததும் கண் அதைத் தாண்டிப் போவதில்லை. அதனால் நான் முதலில் குறிப்போடு தாளைத் தருகிறேன், ஒரு வாரம் கழித்து மார்க். அந்த ஒரு வாரத்தில் பிள்ளைகள் உண்மையிலேயே குறிப்பைப் படிக்கிறார்கள், வந்து கேள்வி கேட்கிறார்கள்.

மூன்றாவது, சின்னச் சின்னச் சோதனைகள். ரோடிகர், கார்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை நான்கு தடவை படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ 40 விழுக்காடுதான் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு தடவை படித்துவிட்டு மூன்று தடவை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 60 விழுக்காடு. சோதனை என்பது அளப்பதற்கு மட்டுமல்ல, எழுதிப் பார்ப்பதே படிப்புதான். மார்க் இல்லாத குவிஸ் வாரம் ஒன்று வைத்தால் திருத்தும் வேலையும் இல்லை, விடையைத் திரையில் போட்டு அவர்களையே சரிபார்க்கச் சொல்லலாம்.

மூன்றாம்செமெஸ்டர் எழுதியது:

நான் பாலிடெக்னிக் மாணவன், இயந்திரவியல். அக்கா சொன்ன ஒரு நிமிடத் துண்டுத் தாளை எங்கள் விரிவுரையாளர் ஒருவரும் செய்வார். பெயர் போட வேண்டாம் என்றால்தான் நாங்கள் உண்மையைச் சொல்வோம். கை தூக்கிக் கேட்க எங்களில் பல பேருக்குத் துணிச்சல் வராது. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், இடைநிலைப்பள்ளியில் மலாய், இங்கே வந்தால் பாடமெல்லாம் ஆங்கிலம். தெரியாத விஷயத்தைத் தெரியாத மொழியில் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பம்பைப் பிரித்து மாட்டும் இடுபணி ஒன்றில் பிரசன்டேஷனுக்கு 20 மார்க். அதில் பேச்சு, உச்சரிப்பு, ஸ்லைடு அழகு எல்லாம் சேர்த்துப் பாதிக்கு மேல். பம்பு ஏன் தண்ணீர் இழுக்கவில்லை என்று கண்டுபிடித்ததற்கு மிச்சம்தான். எங்கள் குழுவில் கேஸ்கெட் கிழிந்திருந்ததைக் கண்டுபிடித்தவன் சரியாகப் பேச வராததால் குறைந்த மார்க் வாங்கினான். பேசக் கற்றுக்கொள்ள வேண்டும், சரி. ஆனால் எதற்கு எவ்வளவு மார்க் என்பதை வேலை தொடங்கும் முன்பே ரூப்ரிக்கில் (மார்க் பிரிக்கும் அட்டவணை) காட்டியிருந்தால் நாங்களும் தயாராக வந்திருப்போம். ரூப்ரிக்கை மார்க்கோடு சேர்த்துத்தான் பார்த்தோம்.

குழு வேலையிலும் இதே பிரச்சினை. நான்கு பேருக்கும் ஒரே மார்க், வேலை செய்தது இரண்டு பேர். யார் என்ன செய்தார்கள் என்று ஒவ்வொருவரும் ரகசியமாக எழுதித் தரச் சொல்லலாமே?

வெள்ளைத்தொப்பி எழுதியது:

தம்பி எழுதியதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நான் தாதியர் கல்லூரியில் செய்முறை கற்பிக்கிறேன். எங்கள் துறையில் இந்தப் பிரச்சினைக்குப் பாதி விடை எப்போதோ கிடைத்துவிட்டது. 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் என்ற மருத்துவப் பேராசிரியர் ஒரு தேர்வு முறையைக் கொண்டுவந்தார், நாங்கள் ஓஸ்கி என்போம். அதற்கு முன் ஒரு மாணவருக்கு எளிய நோயாளி கிடைப்பார், இன்னொருவருக்குச் சிக்கலான நோயாளி. தேர்வாளரும் வேறு வேறு. ஓஸ்கியில் வரிசையாக நிலையங்கள் இருக்கும். எல்லா மாணவரும் எல்லா நிலையத்துக்கும் போவார்கள், ஒரே வேலை, ஒரே நேரம், ஒரே சரிபார்ப்புப் பட்டியல்.

மருந்து கொடுக்கும் நிலையத்தைச் சொல்கிறேன். கை கழுவினாளா, மருந்துச் சீட்டைப் பார்த்தாளா, நோயாளியிடம் முழுப்பெயரைக் கேட்டுக் கைப்பட்டையோடு ஒப்பிட்டாளா, ஒவ்வாமை உண்டா என்று கேட்டாளா. "நீங்கள்தான் சுப்பம்மாவா?" என்று கேட்கக் கூடாது, காது சரியாகக் கேட்காத பாட்டி எதற்கும் ஆமாம் என்று தலையாட்டிவிடுவார். "உங்கள் பெயர் என்ன?" என்றுதான் கேட்க வேண்டும். இந்த ஒரு வரியில் எவ்வளவு உயிர்ப்பிரச்சினை இருக்கிறது என்பதை எழுத்துத் தேர்வில் சோதிக்கவே முடியாது. எல்லாரும் சரியாக எழுதிவிடுவார்கள். கட்டிலருகே போனதும் பாதிப் பேர் பழக்கதோஷத்தில் "நீங்கள்தான் சுப்பம்மாவா?" என்றே கேட்பார்கள்.

பட்டியல் மட்டும் போதாது என்பதும் உண்மை. எல்லாக் கட்டத்திலும் சரி வாங்கிவிட்டு, நோயாளியின் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்காமல் போகும் பிள்ளைகளும் உண்டு. அதனால் பட்டியலோடு "மொத்தத்தில் இவளிடம் என் நோயாளியை ஒப்படைப்பேனா?" என்ற தேர்வாளரின் மதிப்பையும் சேர்க்கிறோம். பயிற்சி ஓஸ்கி முடிந்ததும் இரண்டு நிமிடம் அங்கேயே நின்று சொல்லிவிடுவேன். நாளைக்கு என்றால் அந்தக் கை என்ன செய்தது என்று அவளுக்கே நினைவிருக்காது.

பழையகரும்பலகை எழுதியது:

ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியன். பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதை விரிவுரையாளர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

2008-இல் பிறந்த பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் ஆண்டில் 2020. பெருந்தொற்றால் ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வான யு.பி.எஸ்.ஆர். நடக்கவில்லை, 2021-இல் அதை எடுத்தே விட்டார்கள். 2022-இல் மூன்றாம் படிவத் தேர்வான பி.டி.3-ம் போனது. அதனால் இவர்கள் மூன்றாம் படிவத்திலும் பொதுத்தேர்வைப் பார்க்கவில்லை. புகுமுக வகுப்புக்கு (படிவம் ஒன்றுக்கு முன் வரும் கூடுதல் ஓராண்டு) போகாமல் நேராகப் போனவர்களுக்கு 2025 எஸ்.பி.எம்.தான் (ஐந்தாம் படிவத் தேர்வு) வாழ்க்கையின் முதல் பொதுத்தேர்வு. இந்தப் பிள்ளைகள்தான் இப்போது உங்கள் வகுப்புக்கு வருகிறார்கள். வகுப்புசார் மதிப்பீட்டில் வளர்ந்தவர்கள். அடைவுநிலை ஒன்று முதல் ஆறு வரை என்று பார்த்தே பழகியவர்கள். நல்ல ஆசிரியர் கிடைத்தவனுக்கு அந்த முறை பெரிய வரம், ஆசிரியர் கடமைக்கு எண்ணைத் தட்டிவிட்டிருந்தால் பிள்ளைக்குத் தன் நிலையே தெரியாது. அப்படிப்பட்டவனை முதல் செமெஸ்டரிலேயே 60 விழுக்காடு ஃபைனலில் உட்கார வைத்தால் என்ன ஆகும்?

மார்க்கைப் பற்றியும் ஒன்று. திருத்தும் கை மாறினால் மார்க் மாறும். 1912-இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரே ஆங்கிலத் தாளை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு அனுப்பினார்கள். நூற்றுக்கு முப்பது மார்க்குக்கு மேல் இடைவெளி வந்தது. மொழிப் பாடம்தானே என்றார்கள், அடுத்த ஆண்டு வடிவியல் தாளை அனுப்பினார்கள், அதில் இடைவெளி இன்னும் பெரிது. நூறு ஆண்டுக்கு முன்பே தெரிந்த விஷயம். தோட்டத்துப் பிள்ளையின் கையெழுத்தும் இலக்கணமும் கொஞ்சம் தடுமாறினால், உள்ளே இருக்கும் சரக்கைத் தேடிப் பார்க்கும் கண் வேண்டும்.

திருகாணி எழுதியது:

ஐயா சொன்னதை ஏற்கிறேன். அதனால்தான் செம்பனைமைந்தன் அண்ணன் கேட்ட வாய்மொழித் தேர்வில் எனக்குப் பயமும் இருக்கிறது. தாளிலாவது பெயரை மறைக்கலாம், முகத்தை எப்படி மறைப்பது? பிடித்தவனுக்கு எளிய கேள்வி போய்விடலாம். வைத்தால் இரண்டு தேர்வாளர் இருக்க வேண்டும், கேள்விகளை முன்பே எழுதி வைக்க வேண்டும், ஒலிப்பதிவு செய்ய வேண்டும். அப்படியென்றால் சரி.

தேவையும் வந்துவிட்டது. 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு வீட்டில் எழுதிக் கொண்டுவரும் அறிக்கையை மட்டும் வைத்து யாருக்கு என்ன தெரியும் என்று சொல்ல முடியவில்லை. அதைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பி ஒரு பிள்ளையைக் குற்றவாளி ஆக்கவும் நான் தயாரில்லை. சொந்தமாக எழுதியவனையும் அது பிடித்துக் கொடுக்கிறது. பதிலாக, அறிக்கை தந்தவர்களில் நான்கு பேர் கொண்ட ஒவ்வொரு குழுவிலும் ஒருவரைக் குலுக்கல் முறையில் அழைத்து ஐந்து நிமிடம் கேட்கலாம். "இந்தத் தூணின் அகலத்தைப் பாதியாக்கினால் எது முதலில் விட்டுக்கொடுக்கும்?" தானே செய்தவன் சொல்லிவிடுவான். 240 பேர் இல்லை, அறுபது பேர். இது என்னால் முடியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எங்கள் தரப்பின் பிரச்சினை. கேள்வி எந்தச் சிந்தனை நிலையைச் சோதிக்கிறது என்று காட்ட, கேள்வித்தாள் ஓரத்தில் சி4, சி5 என்று போடுகிறோம். பகுப்பாய்வு, மதிப்பிடல் என்று பொருள். ஓரத்தில் போட்டுவிட்டால் மட்டும் கேள்வி அந்த நிலைக்கு உயர்ந்துவிடாது. டியூட்டோரியலில் செய்த அதே கணக்கை எண் மாற்றிக் கொடுத்தால் அது மனப்பாடம்தான், பக்கத்தில் என்ன போட்டாலும். கேள்வித்தாளைச் சரிபார்க்கும் குழுக்கள் அந்தக் குறியீடு இருக்கிறதா என்று பார்ப்பதை விட்டு, "இதை மாணவன் இதற்கு முன் பார்த்திருக்கிறானா?" என்று கேட்டால் பாதித் தாள்கள் திரும்பி வரும்.

செம்பனைமைந்தன் எழுதியது:

சார், அறுபது பேரை அழைப்பேன் என்று சொன்னீர்களே, ஒரு தகப்பனாக நன்றி. மகளிடம் இந்த இழையைக் காட்டினேன். "தாளைக் காட்டுங்கள் என்று விரிவுரையாளரிடம் கேட்கலாமா, கோபித்துக்கொள்ள மாட்டார்களா?" என்கிறாள். எங்களுக்கு மேலாளர் முன்னால் நின்று கேட்டுப் பழக்கம் இல்லை, அது பிள்ளைகளுக்கும் வந்துவிடுகிறது. எப்படிக் கேட்க வேண்டும்?

பெர்ணம்கரை எழுதியது:

தாராளமாகக் கேட்கலாம் அண்ணே. "எனக்கு ஏன் மார்க் குறைந்தது?" என்று கேட்டால் சில பேர் தற்காப்புக்குப் போய்விடுவார்கள். அதைவிட இப்படி எழுதச் சொல்லுங்கள்: பாடத்தின் குறியீடு, எந்த இடுபணி, பிறகு "அடுத்த இடுபணியில் நான் எந்தப் பகுதியை மேம்படுத்த வேண்டும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன், சந்திக்க ஐந்து நிமிடம் கிடைக்குமா?" மார்க்கை மாற்றக் கேட்கவில்லை என்பது அதில் தெளிவாகத் தெரியும். போகும்போது "மூன்றாம் கேள்வியில் நான் இப்படி நினைத்துத்தான் எழுதினேன், இது சரியா?" என்று தன் விளக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். வெறுமனே போய் நின்றால் விரிவுரையாளருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது.

மூன்றாம்செமெஸ்டர் தம்பிக்கு: குழு உறுப்பினர்கள் ஒருவரையொருவர் மதிப்பிடும் படிவத்தை நான் வைக்கிறேன். ஆனால் ஒரு தடவை வைத்தால் நண்பர்கள் எல்லாரும் எல்லாருக்கும் முழு மார்க் போட்டுவிடுகிறார்கள். வேலை பாதியில் இருக்கும்போது ஒரு தடவை மார்க் இல்லாமல், முடிவில் ஒரு தடவை மார்க்கோடு என்று வைத்தால் நேர்மையாக எழுதுகிறார்கள். "அவன் என்ன செய்தான்" என்று ஒரு உதாரணமும் எழுத வேண்டும் என்று கேளுங்கள், வெறும் எண் மட்டும் வேண்டாம்.

மூன்றாம்செமெஸ்டர் எழுதியது:

நன்றி அக்கா. பாதியில் ஒரு தடவை என்பதை எங்கள் விரிவுரையாளரிடம் சொல்லிப் பார்க்கிறேன். பெயரை மறைத்துத் திருத்துவதைப் பற்றிச் சார் சொன்னாரே, நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

பெர்ணம்கரை எழுதியது:

முகப்புத் தாளில் மெட்ரிக் எண் (மாணவர் பதிவு எண்) மட்டும் போடச் சொல்வேன், பெயர் கடைசிப் பக்கத்தில். எல்லாத் தாளிலும் முதல் கேள்வியை முடித்த பிறகுதான் இரண்டாம் கேள்விக்குப் போவேன், இடையில் தாள்கட்டை ஒரு தடவை கலைத்து வரிசையை மாற்றிவிடுவேன். அப்படிச் செய்தால் முதல் பதிலில் அசத்திய பிள்ளைக்கு இரண்டாம் பதிலில் சும்மா மார்க் போகாது, முதலில் சறுக்கியவனுக்கும் அநியாயமாகக் குறையாது. திருகாணி சார், உங்கள் குலுக்கல் முறைக்கான கேள்விகளை இங்கே பதிவிட முடியுமா? கணக்கியலுக்கு ஏற்றபடி நானும் எழுதிப் பார்க்கிறேன்.